முதலுதவிப் பெட்டிக்கு வந்த வாழ்வு

மலையகத்தில் யாருக்கு வாழ்வு வந்ததோ இல்லையோ, முதலுதவிப் பெட்டிக்கு வந்துவிட்டது. லுணுகலைப் பக்கம் ஒரு தோட்டத்து ஸ்டோருக்குள் நுழையுங்கள். எந்தத் தோட்டம் என்று கேட்காதீர்கள். ஒன்றின் பெயரைச் சொன்னால் மற்றதெல்லாம் தன்னை விட்டுவிட்டான் என்று கோபித்துக்கொள்ளும். வாசலைத் தாண்டியதும் சுவரில் வெள்ளைப் பெட்டி. முகத்தில் பச்சைச் சிலுவை, கண்ணாடிக் கதவு, அதற்கொரு பித்தளைப் பூட்டு. லயத்துச் சுவருக்கு வெள்ளையடித்து எத்தனை வருடம் என்பது லயத்துக்கே மறந்துவிட்டது. பெட்டிக்கு மட்டும் வருடம் தவறாமல் பூச்சு. ஒழுகும் காம்பராவுக்குள் மூன்று தலைமுறை முடங்கிப் படுக்கிறது. பெட்டி தனக்கென்று ஒரு அறை கேட்டிருந்தால் அதுவும் கிடைத்திருக்கும்.

ஏன் இந்த மரியாதை என்றால், வெளிநாட்டுக்காரன் தேயிலைப் பொதியில் பச்சைத் தவளையைத் தேடுகிறான். ரெயின்ஃபொரஸ்ட் அலையன்ஸ் தவளை. அந்த முத்திரைக்கான நிபந்தனைகளில், வேலை நேரத்தில் முதலுதவி தெரிந்தவர் இருக்க வேண்டும், பெட்டி இருக்க வேண்டும் என்றெல்லாம் உண்டு. நல்ல நிபந்தனை, குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் நிபந்தனையை எழுதியவன் பெட்டி மனிதனுக்கென்று நினைத்தான். நம் ஆட்கள் அது ஆய்வாளருக்கென்று புரிந்துகொண்டார்கள். ஆய்வாளர் வரும் நாளில் பூட்டு கழலும், பஞ்சு புதிதாகும், கத்தரிக்கோல் எங்கிருந்தோ திரும்பி வரும், வாச்சர் உள்ளே வைத்திருந்த வெற்றிலைப் பை இடம்பெயரும். ஆய்வாளர் படம் பிடிப்பார், தலையாட்டுவார், துரை பங்களாவில் சாப்பிடுவார், போவார். அவருடைய ஜீப் வளைவில் மறைந்ததும் பூட்டு தன் இடத்துக்கு வந்துவிடும். சாவி கிளாக்கர் ஐயாவிடம். கிளாக்கர் ஐயா பசறையில், பேங்கில்.

பெட்டிக்குப் பக்கத்தில் சட்டமிட்ட தாளொன்று: ‘பயிற்சி பெற்ற முதலுதவியாளர்கள்’. தலைப்பு ஆங்கிலத்தில், பெயர்கள் சிங்களத்தில், படிக்க வேண்டியவர்கள் தமிழில். முதற்பெயருக்குரியவர் மாற்றலாகிப் போய்விட்டார். இரண்டாமவர் ஓய்வு பெற்று ஊரோடு இருக்கிறார். மூன்றாமவர் இருக்கிறார், நல்ல மனிதர். இரத்தத்தைக் கண்டால் அவர்தான் முதலில் மயங்கி விழுவார்.

இவர்களுக்குப் பயிற்சி நடந்த கதை தனி. காலை ஒன்பது மணிக்கு என்று சொல்லி பதினொன்றுக்குத் தொடங்கிய வகுப்பு. மங்கல விளக்கு, வரவேற்புரை, தலைமையுரை, பற்றிஸ், பிளேன்டீ. அதன் பிறகு ஒரு பிளாஸ்டிக் பொம்மை மேசையில் மல்லாந்தது. நாற்பது பேருக்கு ஒரு பொம்மை. முன்வரிசையில் நாலு பேர் அதன் நெஞ்சை அமுக்கினார்கள், மீதிப் பேர் பார்த்தார்கள், எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள், எல்லோருக்கும் சேர்ட்டிபிகேட். அன்றைக்கு உண்மையில் மூச்சு நின்றது பொம்மைக்கு மட்டுந்தான், அதையும் யாரும் பிழைக்க வைக்கவில்லை.

நெஞ்சை அமுக்குவது பார்த்துப் பழகும் வேலையில்லை. வளர்ந்த ஆளுக்கு ஐந்து சென்றிமீற்றராவது ஆழம், நிமிடத்துக்கு நூறிலிருந்து நூற்றிருபது தடவை, முப்பது அமுக்கலுக்கு இரண்டு மூச்சு. இரண்டு நிமிடத்தில் செய்கிறவனுக்கே மூச்சு வாங்கும். ஒழுங்காகக் கற்றவர்களுக்குக்கூட மூன்று மாதம், ஆறு மாதம் கையில் எடுக்காவிட்டால் பழக்கம் நழுவிவிடுகிறது என்று உலகமெங்கும் சோதித்துப் பார்த்துச் சொல்லியிருக்கிறார்கள். எங்கள் சேர்ட்டிபிகேட்டுக்கு அந்தக் கவலை இல்லை. அது சட்டத்துக்குள் இருக்கிறது, மேலே கண்ணாடி இருக்கிறது, மறக்காது.

சரி, நாட்டுச் சட்டம் என்ன சொல்கிறது? 1942ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம். வெள்ளைக்காரன் போட்டது, ஒட்டுப் போட்டுத் திருத்தித் திருத்தி இன்றும் அதுதான் கதி. தொழிற்சாலையில் முதலுதவிப் பெட்டி வேண்டும், அதற்குப் பொறுப்பாக ஒருவர் வேண்டும் என்கிறது. கவனியுங்கள், தொழிற்சாலையில். கொழுந்தை வாட்டி, அரைத்து, உலர்த்தி, சலிக்கும் ஸ்டோர் தொழிற்சாலை. அந்தக் கொழுந்தைப் பறிக்கும் மலை தொழிற்சாலை அல்ல. கூரை இல்லாத இடத்தில் காயம் படாது என்று சட்டம் எழுதியவர்கள் நம்பியிருக்கலாம். ஸ்டோருக்குள் வேலை செய்பவர்கள் கொஞ்சப் பேர். மலையில் நிற்பவர்கள் மீதிப் பேர், அதிலும் பெரும்பாலும் பெண்கள். கொஞ்சப் பேருக்குப் பெட்டி, மீதிப் பேருக்கு முனியாண்டி சாமி.

மலையில் ஆட்களைக் கொட்டும் குளவிக்கு இந்தச் சட்டம் மனப்பாடம். அது ஸ்டோருக்குள் வந்து கொட்டுவதில்லை. சட்டத்தின் எல்லை எங்கே முடிகிறதோ அங்கே கூடு கட்டுகிறது.

எல்லாத் தொழிலிடங்களையும் தழுவும் புதிய பாதுகாப்புச் சட்டமூலம் ஒன்று வரைவு வரைவாகப் பல வருடங்களாக அலைகிறது. தொழில்சார் பாதுகாப்புக்கென்று தேசிய நிறுவனம் ஒன்றை நிறுவ 2009இல் சட்டமே இயற்றினார்கள்: 38ஆம் இலக்கம். நிறுவனம் கொழும்பில் இருக்கிறது. குளவி கொழும்பில் இல்லை. இரண்டும் ஒன்றையொன்று இன்னும் சந்திக்கவில்லை.

தரநிர்ணயம் என்றாலே நம்மவர்களுக்குப் பிடிக்காது என்று நினைத்துவிடாதீர்கள். தேயிலை விஷயத்தில் பிடிக்கும், உயிரைவிடப் பிடிக்கும். தேநீரை ருசி பார்ப்பதற்குச் சர்வதேசத் தரம் இருக்கிறது, ஐஎஸ்ஓ 3103. நூறு மில்லிலீற்றர் தண்ணீருக்கு இரண்டு கிராம் தூள். வெள்ளைப் பீங்கான் பாத்திரம். ஊற வேண்டிய நேரம் ஆறு நிமிடம். இதற்கு மூத்த பிரித்தானியத் தரம் பிஎஸ் 6008க்கு 1999இல் இக்நோபல் என்னும் கேலிப் பரிசுகூடக் கொடுத்தார்கள். ஒரு கோப்பை தேநீர் போட ஆறு பக்கம் எழுதியவர்களைப் பார்த்து உலகம் சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. குளவி விஷம் ஒத்துக்கொள்ளாமல் இறந்தவர்களை ஆராய்ந்த ஒரு பிரித்தானிய ஆய்வு இருக்கிறது. கொட்டியதிலிருந்து மூச்சோ இதயமோ நிற்கும் வரை அவர்களுக்குக் கிடைத்த நேரம், நடுமதிப்பாக, பதினைந்து நிமிடம். தேயிலைக்குக் கொடுத்த ஆறு நிமிடத்துக்கு ஆறு பக்கம். பறித்தவளின் பதினைந்து நிமிடத்துக்கு ஒரு வரி உண்டா?

அந்தப் பதினைந்து நிமிடம் மலையில் எப்படிக் கழிகிறது என்று பார்ப்போம். பத்து மணி வெயில். பாறை விளிம்பில் தொங்கும் கூட்டைக் கழுகோ குரங்கோ காற்றோ கலைத்துவிட்டது. கூடையை எறிந்துவிட்டு எல்லோரும் ஓடுகிறார்கள். படங்கு காலைத் தடுக்கி ஒருத்தி விழுகிறாள். தலை, கழுத்து, முகமெல்லாம் கொட்டு. உதடு தடிக்கிறது.

“ஐயா, அக்காவுக்கு மூச்சு வாங்குதுங்க!”

“எத்தன கொட்டு?”

“எண்ணலைங்க.”

“சரி சரி, ரெண்டு பேரு புடிச்சு டிஸ்பென்சரிக்குக் கூட்டிப் போங்க. மத்தவங்க கூடையெல்லாம் எடுத்து மடுவத்துல போடுங்க. கொழுந்து வாடிரும்.”

இது துரை கெட்டவர், கங்காணி கெட்டவர் என்ற கதையல்ல. அந்த இடத்தில் கொழுந்துக்கு என்ன ஆகும் என்பது அவருக்குப் பயிற்சியாகத் தெரியும். அவளுக்கு என்ன ஆகும் என்பது யாரும் சொல்லித் தரவில்லை. மலையில் குளவி என்று நாம் சொல்வதில் பாதி பெருந்தேனீ, சிங்களத்தில் பம்பரா. தேனீ கொட்டினால் கொடுக்கு தோலிலேயே நின்று விஷத்தை இறக்கிக்கொண்டே இருக்கும். உடனே சுரண்டி எடுக்க வேண்டும். மூச்சு இழுத்தால் நடத்திக் கூட்டிப் போகக் கூடாது. மயக்கமாக வந்தால் கிடத்திக் காலை உயர்த்த வேண்டும். மூச்சு மட்டும் முட்டினால் உட்கார வைக்க வேண்டும். மருந்து அட்ரினலின், தொடையின் வெளிப்பக்கத் தசையில், தாமதமில்லாமல். அது பெரிய ஆஸ்பத்திரி இரகசியம் ஒன்றுமல்ல. மலிவான மருந்து, சின்னக் குப்பி. பிரிட்டன் என்னும் ஒவ்வாமை மாத்திரை தடிப்பை ஆற்றும், சொறியை ஆற்றும், அடைபட்ட மூச்சைத் திறக்காது. நூற்றுக்கணக்கில் கொட்டினால் கதை வேறு. விஷத்தின் அளவே சிறுநீரகத்தை அடித்துவிடும், அட்ரினலின் மட்டும் போதாது, அவளை ஆஸ்பத்திரிக்கு வேகமாக எடுத்தே ஆக வேண்டும்.

எடுப்பது எதில்? கம்பளியின் இரண்டு பக்கமும் கம்பு கட்டித் தூக்குகிறார்கள். ரோட்டுக்கு வந்தால் கொழுந்து லொறி. லொறிக்குத் துரையின் துண்டு வேண்டும். துரை மீட்டிங்கில். இதற்கிடையில் ஆபீசில் வேறொரு விசாரணை நடக்கிறது: பத்து மணிக்குக் கொட்டுப்பட்டவளுக்கு இன்றைக்கு முழுப்பேரா, அரைப்பேரா?

டிஸ்பென்சரியில் இருப்பவர் தோட்ட வைத்திய உதவியாளர். ‘டாக்டர் ஐயா’ என்கிறோம், அவரும் மறுப்பதில்லை. ஆட்களில் குறையில்லை, பலர் நடுச்சாமத்தில் டோர்ச் பிடித்துக்கொண்டு லயத்துக்கு வந்தவர்கள். அவர்களை அங்கே உட்கார வைத்த ஏற்பாட்டைத்தான் கேட்கிறேன். ஒருவர் பதிவு பெற்றவர், ஒருவர் பதிவில்லாதவர், ஒருவர் மூத்தவரிடம் பார்த்துப் பழகியவர். எந்த மலைக்கு யார் என்பது அதிர்ஷ்டம். கையிலிருப்பது பனடோல். தலைவலிக்குப் பனடோல், கால் முறிவுக்குப் பனடோல், குளவிக்குப் பனடோலோடு ஒரு பிரிட்டன். பனடோலுக்குக் கட்டுப்படாத நோயைத் தோட்டம் நோயாகவே ஏற்பதில்லை.

இந்த ஏற்பாட்டுக்கு வயது நூற்றைம்பதைத் தாண்டிவிட்டது. 1872இல் தோட்டத்துக்கென்று மருத்துவத் தேவைகள் சட்டம் போட்டார்கள், கருணையால் அல்ல. வழியிலும் லயத்திலும் ஆட்கள் செத்துக்கொண்டிருந்தால் கோப்பி பறிக்க ஆள் கிடைக்காது. 1912இல் 9ஆம் இலக்கமாக மறுபடி எழுதினார்கள். தோட்டத்தில் யாருக்கு நோய் என்று அறிந்து, உடனடி நிவாரணத்துக்குத் தனக்கு எது சிறந்ததென்று படுகிறதோ அதைச் செய்வது துரையின் கடமை என்றார்கள். துரைக்குப் படுவதுதான் தகைமை. தேயிலை வந்தது, சுதந்திரம் வந்தது, 1970களில் தேசியமயம் வந்தது, 1992இல் கம்பனிகள் வந்தன, பெருந்தோட்ட மனிதவள அபிவிருத்தி நிதியம் வந்தது, சில தோட்ட ஆஸ்பத்திரிகளை அரசாங்கம் எடுத்தது. சுகாதார அமைச்சைக் கேட்டால் கம்பனியைக் காட்டும், கம்பனியைக் கேட்டால் நிதியத்தைக் காட்டும், நிதியத்தைக் கேட்டால் கோவையைக் காட்டும். துரைக்குப் படுவது மட்டும் 1912இலிருந்து அசையவில்லை.

தோட்டத்துக்கு வெளியேயும் இதே லட்சணந்தான். 2021 மார்ச் 20ஆம் திகதி விடியற்காலை லுணுகலையிலிருந்து கொழும்புக்குப் புறப்பட்ட பஸ் பசறை பதின்மூன்றாம் கட்டையில் பள்ளத்தில் விழுந்ததை இந்தப் பக்கத்தில் யாரும் மறக்க முடியாது. பதினான்கு பேருக்குக் குறையாமல் செத்தார்கள், முப்பதுக்கு மேல் காயம். பாதையில் சரிந்து விழுந்த பாறையை அகற்றாமல் விட்டிருந்ததால் வழி ஒடுங்கிக் கிடந்தது. பாறையை எடுப்பது யார் வேலை என்ற கேள்வி பாறையைவிடப் பாரமாக இருந்திருக்கும். அப்படிப்பட்ட பள்ளத்தில் முதலில் இறங்குவது எப்போதும் அக்கம்பக்கத்து ஆட்கள்தான். கழுத்து உடைந்தவரை எப்படித் தூக்கக் கூடாது, பீறிடும் இரத்தத்தை எங்கே அழுத்த வேண்டும் என்று அவர்களுக்கு யாராவது ஒருநாள் சொல்லிக் கொடுத்திருந்தால், அது இந்த மாகாணத்தின் வரலாற்றில் எழுத வேண்டிய செய்தி. அஞ்சலிப் பதாகை அடிக்க மட்டும் எல்லோருக்கும் பயிற்சி இருந்தது. கட்சிக்கொரு நிறத்தில் கட்டினார்கள்.

2018இல் ஊவாவுக்கும் வந்த 1990 சுவசெரிய ஆம்புலன்ஸை நான் கும்பிடுகிறேன். இலவசம், கேட்டால் வருகிறது. ஆனால் ஆம்புலன்ஸுக்கும் சக்கரந்தான், சிறகில்லை. தார் ரோட்டிலிருந்து கல் ரோடு, கல் ரோட்டிலிருந்து ஒற்றையடிப் பாதை, அதற்கு மேல் மலை. பதுளைப் பெரியாஸ்பத்திரி லுணுகலையிலிருந்து ஏறத்தாழ நாற்பது கிலோமீற்றர், அதில் நேரான பாதையைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

கனடாவில் பிரிட்டிஷ் கொலம்பியா என்று ஒரு மாகாணம், அதுவும் மலைநாடு, மரம் வெட்டும் காடு. அங்கே தொழிலிடத்து முதலுதவியாளருக்கு மூன்று படிநிலை வைத்திருக்கிறார்கள். 2024 நவம்பரில் விதியைப் புதுப்பித்தார்கள். ஆம்புலன்ஸ் நிலையத்திலிருந்து அரை மணி நேரத்துக்கு மேல் பயணத் தூரமென்றால் அது தொலைவிடம். தொலைவிடத்துக்குக் கூடுதல் தேர்ச்சி, கூடுதல் உபகரணம். உச்சப் படிக்குப் பயிற்சி எழுபது மணி நேரம். செய்து காட்டித் தேற வேண்டும், மூன்று வருடத்தில் சான்றிதழ் காலாவதி, மறுபடி வந்து தேற வேண்டும். என்னைக் கொதிக்க வைத்தது அதுவல்ல. காயப்பட்டவரை மேலான கைகளில் ஒப்படைக்கும் வரை முதலுதவியில் முழு அதிகாரம் முதலுதவியாளருக்கு. தொழிலாளி ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்றால் அதை மறுக்கும் அதிகாரம் அவருக்கும் இல்லை. அங்கே தூரம் கூடக்கூடத் தகைமை கூடுகிறது. இங்கே தூரம் கூடக்கூடப் பனடோல் கூடுகிறது. அங்கே துண்டு எழுதும் துரை இல்லை.

கனடா பணக்கார நாடு, நமக்குக் கட்டுமா என்பீர்கள். இந்தியாவின் 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் நூற்றைம்பது பேருக்கொரு பெட்டி, ஒவ்வொரு பெட்டிக்கும் பொறுப்பான தனியாள் என்று எழுதியது. சுதந்திரம் பெற்று அடுத்த வருடம் அந்த நாட்டில் என்ன பணம் கொட்டிக் கிடந்தது?

நம் தொழிற்சங்கத் தலைவர்களை விட்டுவிட்டேன் என்று அவர்கள் வருந்தக் கூடாது. மாதம் தவறாமல் சந்தா வெட்டும் கைக்கு, முதலுதவிக்கென்று ஒரு கோரிக்கை எழுத எத்தனை கூட்டு ஒப்பந்தம் தேவைப்பட்டது? சம்பளம் பேசினீர்கள், பேசத்தான் வேண்டும். அந்தச் சம்பளத்தை வாங்க அவள் சாயங்காலம் உயிரோடு மலையிறங்க வேண்டும் என்பதையும் சேர்த்துப் பேசியிருக்கலாம். குளவி கொட்டியவர்கள் கிடக்கும் வார்டுக்கு நீங்கள் வருவது தெரியும். ஆப்பிள் பை, பின்னால் கெமராக்காரர். நெஞ்சு அமுக்கத் தெரியுமா தலைவரே? தெரியாவிட்டால் ஆப்பிளை வைத்துவிட்டு விலகி நில்லுங்கள், தாதி வர வேண்டும்.

இன்னொன்றும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். பயிற்சி என்றால் உடனே ஆபீஸ் ஸ்டாஃபைத்தான் கூப்பிடுகிறார்கள்; பெரும்பாலும் ஆண்கள். மலையில் விழுபவள் பெண். சட்டையைத் தளர்த்த, நெஞ்சில் கை வைக்க, தொடையில் ஊசி போட ஆண் கை தயங்கும், அவளும் கூசுவாள், சுற்றி நிற்பவர்கள் முகத்தைத் திருப்புவார்கள். அந்தத் தயக்கத்திலேயே பதினைந்தில் ஐந்து நிமிடம் போய்விடும். விழுந்தவளுக்குப் பக்கத்தில் எப்போதும் நிற்பவள் அடுத்த நிரையில் கொழுந்து எடுப்பவள். அவளுக்குக் கற்றுக் கொடுக்க யாருக்கும் தோன்றவில்லை. வகுப்புக்குப் போனால் அன்றைய கிலோ குறைந்துவிடுமே! இலையின் நுனி பார்த்து எது இரண்டிலை ஒரு மொட்டு, எது முற்றல் என்று கண் இமைக்கும் நேரத்தில் தரம் பிரிக்கும் விரல்கள் அவை. அந்த விரல்களுக்கு நாடி பிடிக்க வராது என்று முடிவு செய்த மேதை யார்?

எனவே ஆய்வாளர்களுக்கு ஒரு யோசனை. அடுத்த முறை பெட்டியைப் படம் பிடிக்காதீர்கள். பொம்மையைக் கொழுந்து மலையில், சரிவில், மழையில் கிடத்துங்கள். துரை, சின்னதுரை, கிளாக்கர் ஐயா, வெல்ஃபெயர் ஐயா எல்லோரையும் வரிசையில் நிறுத்துங்கள். கடிகாரத்தைப் பிடியுங்கள். பொம்மை பிழைத்தால் தவளை ஒட்டலாம்.

சட்டம் எழுதுகிறவர்களுக்கு அதிக வேலை வைக்க மாட்டேன். மலையும் தொழிலிடம் என்று எழுதுங்கள். கொழுந்து எடுக்கும் ஒவ்வொரு கூட்டத்திலும் இரண்டு பெண்களுக்காவது, தமிழில், பேர் போட்டு, கையால் செய்து காட்டித் தேறும் வரை பயிற்சி கொடுங்கள். ஆறு மாதத்துக்கொருமுறை மறுபடி செய்யச் சொல்லுங்கள். டிஸ்பென்சரியில் அட்ரினலினும் அதைப் போட உரிமையும் தேர்ச்சியும் உள்ள ஒருவரும் இல்லாத நாளில் அந்தத் தோட்டத்தில் வேலை இல்லை என்று எழுதுங்கள். லொறியைக் கூப்பிடும் அதிகாரம் அந்தப் பெண்களிடம் இருக்கட்டும்.

சட்டம் வரும்வரை காத்திருந்தால் குளவி காத்திராது. ஆகவே மலைக்குப் போகும் அக்காமாரே, நாளைக் காலைப் பெரட்டில் பேர் கூப்பிடும்போது நீங்களும் ஒரு கேள்வி கேளுங்கள்: இன்றைக்கு இந்த மலையில் முதலுதவி தெரிந்தவர் யார்? பெட்டியைக் காட்டினால் பெயரைக் கேளுங்கள். பெயரைச் சொன்னால் ஆளைக் கேளுங்கள். ஆள் வந்து நிற்கும்வரை மலை ஏறாதீர்கள்.